விடுமுறையில் மூடாத பியானோ

மார்கழி மாதத்தில் பாடசாலைத் தவணை முடிவுற்று வகுப்பறைக் கதவுகள் சாத்தப்படும்போது, பியானோ பயிலும் பிள்ளையின் இல்லத்திலும் ஒரு மூடி சாத்தப்படுகிறது. ஆசிரியை தம் ஊருக்குச் செல்கிறார். பிள்ளை பாட்டனார் வீட்டுக்குச் செல்கிறது. வாத்தியத்தின்மேல் பூச்சாடியும் பழைய பத்திரிகைகளும் வந்து அமர்கின்றன. தை மாதத்தில் மூடி மீண்டும் திறக்கப்படும்போது, ஐப்பசியில் தங்குதடையின்றி ஓடிய விரல்கள் தடுமாறுகின்றன. விரல் மறந்ததை இரண்டொரு கிழமைகளில் மீட்டுக்கொள்ளலாம். உள்ளத்திலிருந்த ஆசை தணிந்துவிட்டால் அதனை மீட்பது அத்துணை எளிதன்று. இசை கற்கத் தொடங்கிய பிள்ளைகளுட் சிலர் இத்தகைய ஒரு விடுமுறையோடு இசைக்கு விடை கொடுத்துவிடுவதை ஆசிரியர்கள் அறிவர்.

இவ்வினா பெருநகரங்களில் வாழ்வோருக்கே உரியது எனச் சிலர் எண்ணக்கூடும். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில், நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து, கொக்கிளாய்க் களப்பிற்கு அண்மையில் அமைந்திருக்கும் புல்மோட்டையை ஒரு கணம் நினைத்துப் பார்த்தல் வேண்டும். மீன்பிடித் தொழிலுக்கும், கரையோரத்துக் கரிய மணலில் விளங்கும் இல்மனைற்று முதலிய கனியங்களுக்கும் பேர்பெற்ற ஊர் அது. அம்மணலை எடுத்துப் பயன்படுத்துவதற்கென 1957இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அத்தகைய ஊரிலே ஒரு பிள்ளைக்குப் பியானோவின்மேலோ, மின்விசையால் இயங்கும் சிறு வாத்தியத்தின்மேலோ ஆசை பிறக்குமாயின், தேர்ந்த ஆசிரியர் ஒருவரை நாடி நெடுந்தூரம் செல்லவேண்டும். ஆசிரியர் அருகில் இல்லாத வாரங்கள் அப்பிள்ளைக்கு மார்கழியில் மட்டும் வருவனவல்ல. ஆண்டு முழுவதும் அவ்வாறே. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் இப்பிரதேசத்துக் கல்வி பன்முறை தடைப்பட்டது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி, பாடசாலை விடுமுறைக் காலத்திலேயே, ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கியது. 2020இல் பெருந்தொற்றினால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. ஆகவே, ஆசிரியர் இல்லாத காலத்தில் இசை எவ்வாறு உயிர்வாழ்கிறது என்னும் வினா, புல்மோட்டை போன்ற ஓர் ஊருக்கு இசைக்கல்வி எட்டுமா எட்டாதா என்னும் வினாவேயாகும்.

இதற்கு விடை காண முற்படுவோர், பியானோக் கல்வியின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிக் காண்பது பயன் தரும்.

இத்தாலியிலுள்ள புளோரன்ஸ் நகரில், பர்த்தொலோமியோ கிறிஸ்தோபொரி என்னும் வாத்தியக் கம்மியர் 1700ஆம் ஆண்டளவில் பியானோவை ஆக்கினார். விரலின் அழுத்தத்திற்கேற்ப மென்மையாகவும் உரமாகவும் ஒலிப்பது அதன் தனிச்சிறப்பு. அக்காலத்தில் மேனாட்டிலும் பிள்ளைகள் இசை கற்ற முறை நம் நாட்டுக் குருகுல முறையை ஒருவாறு ஒத்திருந்தது. இசைப் புலவர் யொஹான் செபஸ்தியான் பாக் 1720ஆம் ஆண்டு ஜனவரியில், ஒன்பது வயது நிரம்பிய தம் மைந்தன் வில்ஹெம் பிரீடமனுக்காக ஒரு சிறு குறிப்பேட்டைத் தொடங்கினார். சுரங்களின் பெயர், விரல் வைக்கும் முறை, அணிச் சுரங்களின் விளக்கம் ஆகியவற்றில் தொடங்கி, படிப்படியாக உருப்படிகள் அதில் வளர்ந்தன. மொசார்ட்டின் தந்தை லெயோபோல்ட் 1759இல் தம் மகளுக்காக இதுபோன்றதோர் ஏட்டை ஆக்கினார். அவ்வேட்டிலிருந்தே இளைய மைந்தனும் கற்றான். 1761 ஜனவரி 26ஆந் திகதி இரவு ஒன்பதரை மணிக்கு, ஐந்தாவது பிறந்தநாளுக்கு முதல் நாள், அச்சிறுவன் ஒரு நடன உருப்படியை அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டான் என்று தந்தை அவ்வேட்டிலேயே குறித்து வைத்தார்.

அந்த நேரக் குறிப்பு சிந்தனைக்குரியது. இரவு ஒன்பதரை மணி எந்தப் பாடவேளையிலும் அடங்குவதன்று. ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தமையால் தவணையும் இல்லை, விடுமுறையும் இல்லை. தமிழகத்தில் நாகசுரக் குடும்பங்களிலும் நட்டுவனார் குடும்பங்களிலும் இதுவே நிலைமை. கற்பிக்கப்பட்டதைக் காட்டிலும் காதில் விழுந்ததே மிகுதி. அக்குழந்தைகளுக்கு இசை வீட்டு மொழிகளுள் ஒன்றாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. தொழிற்சாலைகளிலே பியானோக்கள் பெருந்தொகையாக உற்பத்தியாகி நடுத்தர வகுப்பாரின் இல்லங்களை அடைந்தன. ஆனால் அவ்வில்லங்களில் இசைவல்லார் இல்லை. ஆசிரியர் கிழமைக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து ஒரு மணிநேரம் கற்பித்துச் சென்றார். பாடம் என்பது தனியாகவும், இடைவெளி என்பது தனியாகவும் பிரிந்தது அப்போதுதான். விடுமுறையில் பிள்ளை இசையை மறக்கிறது என்ற கவலையும் அப்பிரிவோடு பிறந்ததே.

அக்கவலைக்கு முதலில் விடை தேடியவர்களுள் ஒருவர் வியன்னா நகரத்துக் கார்ல் செர்னி. பீத்தோவனின் மாணவர், லிஸ்ட்டின் ஆசிரியர். விரற்பயிற்சி நூல்களால் இன்றும் மாணவர்களை அச்சுறுத்துபவர் அவரே. எனினும் 1830களின் பிற்பகுதியில் அவர் எழுதிய சிறு நூலொன்று வேறொரு முகத்தைக் காட்டுகிறது. நகரத்திற்கு அப்பால் நாட்டுப்புறத்தில் வாழும் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஆசிரியர் எழுதுவனவாகப் பத்துக் கடிதங்கள் அந்நூலில் உள்ளன. முதற் கடிதம் சுரக்குறிகளையும் கட்டைகளையும் அறிமுகம் செய்கிறது. பின்னர் தொடுகை, தாளம், பாவம் என்று படிகள் ஏறுகின்றன. இடையே பிறர் முன்னிலையில் வாசிப்பதைப் பற்றிப் பேசப்படுகிறது. இறுதிக் கடிதம் தானே கற்பனை செய்து வாசிப்பதைப் பற்றியது. தொலைவிலுள்ள பிள்ளை தன் சொந்தக் கற்பனையை எட்டும் வரை வளரலாம் என்னும் நம்பிக்கையின்மேல் அமைந்த நூல் அது. புல்மோட்டையில் வாழும் ஒரு சிறுமிக்கு அந்நம்பிக்கை இன்றும் பொருந்தும்.

செர்னி ஆலோசனை கூறினார். ரொபேட் ஷூமான் உருப்படிகளையே ஆக்கித் தந்தார். 1848ஆம் ஆண்டு ஐரோப்பா எங்கும் புரட்சி மூண்டிருந்த காலம். டிரெஸ்டன் நகரில் வாழ்ந்த ஷூமான், தம் மூத்த மகள் மரீயின் ஏழாவது பிறந்தநாளுக்குப் பரிசாகச் சில சிறு பியானோ உருப்படிகளை இயற்றினார். பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கற்பிக்கப்படும் உருப்படிகள் தரங்குறைந்தவை என்ற மனக்குறை அவர் மனைவியும் புகழ்பெற்ற பியானோக் கலைஞருமாகிய கிளாராவுக்கும் இருந்தது. தொடங்கிய பணி விரைவில் 43 உருப்படிகளாகப் பெருகிற்று. இன்று அது இளைஞர்க்கான தொகுப்பு என்று அறியப்படுகிறது. ஆனால் அதற்கு ஷூமான் முதலில் எண்ணிய பெயர் கிறிஸ்துமஸ் தொகுப்பு என்பதாகும்.

விடுமுறைக் காலமே அந்நூலின் பின்புலம். குளிர்காலத்தைப் பாடும் உருப்படிகள் அதில் உள்ளன. ஆண்டின் கடைசி இரவுக்குரிய ஒரு பாட்டு உண்டு. மார்கழியில் வீடுதோறும் வந்து பிள்ளைகளின் நடத்தையை விசாரிப்பவன் என ஜேர்மானியர் கதையில் வரும் ரூப்ரெக்ட் கனத்த காலடிகளுடன் வருகிறான். வயலிலிருந்து மகிழ்ச்சியோடு திரும்பும் உழவனும் உண்டு. பிள்ளை வீட்டிலே காண்பதும் கேட்பதும் கட்டைகளின்மேல் இசையாக எழுகின்றன. பின்னர் ஷூமான் அந்நூலோடு சேர்த்து வெளியிட்ட அறிவுரைகளிலும் இதே நோக்கம் விளங்குகிறது. கடினமானதைக் குறையுற வாசிப்பதினும் எளியதை அழகுற வாசிப்பதை அவர் விரும்பினார். நாட்டுப்பாடல்களைக் கவனித்துக் கேட்கவும், பலரோடு கூடிப் பாடவும் பிள்ளைகளைத் தூண்டினார்.

முப்பது ஆண்டுகள் கழித்து, உருசியாவின் சைக்கோவ்ஸ்கி ஷூமானைப் பின்பற்றினார். 1878இல், உக்கிரேனிலுள்ள கமென்கா என்னும் ஊரில் தம் சகோதரியின் இல்லத்தில் தங்கியிருந்தபோது, பிள்ளைகளுக்கான 24 உருப்படிகளை இயற்றத் தொடங்கி, அவற்றை ஆறு வயது மருமகனுக்குக் காணிக்கையாக்கினார். நோயுற்ற பொம்மை, பொம்மையின் அடக்கம், புதிய பொம்மை என்று ஒரு சிறு கதையே அதில் நிகழ்கிறது. மாமன் ஒருவர் சகோதரியின் வீட்டுக்கு வந்து மருமகனுக்குக் கொடுத்த பரிசு அது. தேர்வுக் குழு எதுவும் அதனைக் கேட்டிலது.

இலங்கைக்குப் பியானோ பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில், அதிகாரிகளின் இல்லங்கள், தேவாலயங்கள், மிசன் பாடசாலைகள் வாயிலாக வேரூன்றிற்று. உப்புக் காற்றும் ஈரமும் தந்திகளைத் துருப்பிடிக்கச் செய்தன. பூச்சிகள் உள்ளிருந்த கம்பளத் துணியை அரித்தன. ஆதலால் கடலோரத்துச் சிற்றூர்களில் அவ்வாத்தியத்தைப் பேணுதல் பெருஞ்செலவாயிற்று. அதனோடு தேர்வு முறையும் வந்தது. இலண்டன் டிரினிற்றி இசைக்கல்லூரி 1877இலேயே வெளியிடத் தேர்வுகளைத் தொடங்கியிருந்தது. அரச இசைப்பள்ளிகளின் கூட்டுச் சபை 1889இல் அமைந்தது. நம் நாட்டில் கருநாடக இசைக்கும் 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை படிமுறைத் தேர்வுகளை வகுத்தது.

தேர்வுகள் செய்த நன்மையை மறுத்தல் நன்றியன்று. ஆசிரியர் தொலைவில் இருப்பினும் பாடத்திட்டம் என்னும் வழிகாட்டி கையில் இருந்தது. கிராமத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டனர். ஆயினும் ஒரு குறையும் உடன்வந்தது. சில உருப்படிகளையே ஆண்டு முழுவதும் உருப்போட்ட பிள்ளைக்கு, தேர்வு முடிந்த மறுநாள் வாசிக்க ஒன்றுமில்லை. அவ்வுருப்படிகளைக் கேட்டாலே சலிப்பு, வேறெதுவும் கற்கவில்லை. விடுமுறையில் மூடி சாத்தப்படுவதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. தனக்கென ஒரு பாட்டும் இல்லாமையே பெரிதுங் காரணம்.

அப்பாட்டு எங்கே கிடைக்கும்? இவ்வினாவுக்குத் தெளிவான விடை அளித்தவர் ஹங்கேரி நாட்டுப் பேலா பார்ட்டோக். கிராமங்கள்தோறும் சென்று உழவர் பாடல்களைத் திரட்டிய அவர், 1908ஆம் ஆண்டு முதல் அம்மெட்டுகளைச் சிறுவர்க்கேற்ற பியானோ உருப்படிகளாக அமைத்தார். பின்னர் 1926க்கும் 1939க்கும் இடையே 153 உருப்படிகள் கொண்ட ஆறு நூல்களை ஆக்கினார். அவற்றுள் முதலிரு நூல்களும் தம் மகன் பீட்டருக்கு உரியவை. பிள்ளை ஏற்கெனவே காதால் அறிந்த பாட்டே விரலுக்கு முதல் ஆசிரியர் என்பது அவர் கொள்கை.

தமிழரிடையே இக்கொள்கை எதிர்த்திசையில் முன்னரே நிகழ்ந்துள்ளது. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். நோட்டு சுரங்கள் என வழங்கும் அவை ஏறக்குறைய நாற்பது. சங்கராபரண சுரங்களில் அமைந்தமையால் பியானோவின் வெள்ளைக் கட்டைகளிலேயே அவற்றை வாசித்துவிடலாம். இன்றும் கருநாடக இசை தொடங்கும் சிறுவர்க்கு அவை கற்பிக்கப்படுகின்றன. அயல்நாட்டு மெட்டு தமிழ் வீட்டுக்குள் நுழையக்கூடுமாயின், தமிழ் வீட்டுப் பாட்டு அயல்நாட்டு வாத்தியத்தில் ஏறுவதற்குத் தடையென்ன?

கிழக்குக் கரையோரம் பாட்டுக்கு வறுமையுற்ற நாடன்று. தாலாட்டு உண்டு, நாட்டுக்கவி உண்டு, பக்கீர்மார் தகரா வாத்தியம் தட்டிப் பாடும் பாடல்கள் உண்டு. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டு உண்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, வலைக்கயிற்றைப் பற்றிய ஏனையோர் ஒருமித்து விடையிறுப்பது அதன் முறை. பியானோ பயிலும் பிள்ளைக்கு இதனினும் சிறந்த பயிற்சி வேண்டுவதில்லை. அடியெடுத்துக் கொடுப்பவனின் குரல் வலக்கைக்கு. கூட்டத்தாரின் விடை இடக்கைக்கு. இரு கைகளும் ஒன்றையொன்று கேட்டு விடையளிக்கும் கலையைக் கற்பிக்கவே பாக் தம் மைந்தனின் ஏட்டில் இரு குரல் உருப்படிகளை எழுதினார். அதே கலையின் விதை கடற்கரையில் வலைக்கயிற்றின்மேல் கிடக்கிறது.

ஆசிரியர் இல்லாத வீட்டுக்கு இசையை எடுத்துச் சென்ற மற்றொரு துணை வானொலி. கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆந் திகதி முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. பிற்காலத்தில் தமிழ்ச் சேவையின் சிறுவர் மலர், தொலைதூரத்துப் பிள்ளைகளையும் ஒரே முற்றத்தில் கூட்டிவைத்தது. பிரித்தானியாவில் 1939இல் போர் மூண்டு நகரத்துப் பிள்ளைகள் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டபோது, கூடிப் பாடுவதற்கென்றே பாடசாலை ஒலிபரப்பொன்று தொடங்கப்பட்டு, அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஆசிரியரைப் பிரிந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது பாட்டும், சேர்ந்து பாடத் துணையும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

2020இல் பெருந்தொற்று பரவியபோது, இலண்டன் தேர்வுச் சபைகள் மாணவர் தம் இல்லத்திலேயே வாசித்துப் பதிவு செய்து அனுப்பும் தேர்வுகளை ஏற்படுத்தின. ஆசிரியர்கள் கைத்தொலைபேசித் திரையில் பாடம் நடத்தினர். செர்னியின் கடிதத்திற்கு ஓசையும் உருவமும் வந்தன எனலாம். புல்மோட்டைக்கும் கொழும்புக்கும் இடையேயுள்ள தொலைவு ஒருவகையிற் குறுகிற்று. ஆனால் திரையும் கடிதம் போன்றதே. பாடம் முடிந்ததும் அது அணைந்துவிடும். அதன்பின் எஞ்சும் வாரத்தைப் பிள்ளையும் வீட்டாருமே நிரப்புதல் வேண்டும்.

இவ்வரலாற்றிலிருந்து பெற்றோர் பெறத்தக்க கருத்துகள் சில உண்டு. நாள்தோறும் பத்து நிமிடம் வாசித்தல், கிழமைக்கு ஒருமுறை ஒரு மணிநேரம் வாசித்தலினும் பயனுடையது. ஜேர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆராய்ச்சி, பல நாட்களுக்குப் பகிர்ந்த பயிற்சியே மனத்தில் ஊன்றும் என்பதைக் காட்டிற்று. முன்னரே நன்கு கற்ற ஓர் உருப்படியை விடுமுறையில் இன்பத்திற்காக வாசிக்கலாம். வீட்டில் அனைவரும் அறிந்த ஒரு பாட்டைச் சுரக்குறியின்றிக் காதால் தேடிக் கண்டுபிடிக்கலாம். வாத்தியம் இல்லாத வீட்டுக்கு விருந்து போன பிள்ளை பாடலாம், தாளம் போடலாம், கேட்கலாம். அவையும் பியானோக் கல்வியே. இவை யாவற்றினும் முதன்மையானது கேட்பதற்கு ஒருவர் இருத்தல். மரீக்குத் தந்தை இருந்தார். கமென்காச் சிறுவனுக்கு மாமன் இருந்தார். பாட்டியார் ஒருவர் திண்ணையிலமர்ந்து, தாம் பாடிய தாலாட்டைப் பேரப்பிள்ளையின் விரல்களிலிருந்து கேட்பாராயின், அவருக்குச் சுரக்குறி தெரியவேண்டுவதில்லை.

மறுபுறத்தையும் மறத்தலாகாது. விடுமுறை ஓய்வுக்கென ஏற்பட்டது. அதனை மற்றொரு தவணையாக்கி, நேர அட்டவணை தொங்கவிட்டு, பிள்ளையைக் கடற்கரைக்குப் போகவிடாது தடுப்போர் இசைக்கு நன்மை செய்தவராகார். சில நாட்கள் கட்டையைத் தொடாதிருப்பினும் கேடில்லை. ஆசை உள்ளவன் திரும்பி வருவான். அவன் திரும்பி வரும்போது மூடி திறந்திருக்கவேண்டும் என்பதே கருத்து.

வாடைக்காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் படகுகள் பெரும்பாலும் கரையேறிக் கிடக்கும். கரைவலைக்காரரின் தொழிலும் ஓய்ந்திருக்கும். பாடசாலை விடுமுறையும் அப்பருவத்திலேயே வருகிறது. ஆயினும் மீனவர் வீடுகளில் வலை மூலையில் முடங்குவதில்லை. முற்றத்தில் விரித்து, அறுந்த கண்களை ஒவ்வொன்றாக முடிவர். அவசரம் இல்லை, மேற்பார்வையாளர் இல்லை, பக்கத்தில் அமர்ந்து பேச்சுக் கொடுப்போர் உண்டு, இடையிடையே பாட்டும் உண்டு. காற்று மாறிக் கடல் அடங்கும் நாளில் வலை ஆயத்தமாக இருக்கும். பியானோ பயிலும் பிள்ளை விடுமுறையைக் கழிக்கும் முறையை அறிய விரும்புவோர், அம்முற்றத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தாலே போதும்.